குடித்த சர்க்கரையும் நரம்பில் ஏறிய சர்க்கரையும்

இடது கை சூட்டுப் பெட்டிக்குள். வலது கை நரம்பில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். பார்த்ததும் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள் அல்லது குறைக்கிறார்கள். திரையில் ஒரு கோடு முன்கூட்டியே வரைந்திருந்தது. முந்தைய வாரம் இதே கட்டிலில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தபோது என் சர்க்கரை எப்படி ஏறி எப்படி இறங்கியதோ, அந்தக் கோடு. இன்று அதே கோட்டின் மேலேயே என் சர்க்கரையை நடத்திக்கொண்டு போவதுதான் அவர்கள் வேலை. அன்று சர்க்கரை வாய் வழியாகப் போனது, இன்று நேரே நரம்புக்கு. வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது.

“கை எதுக்கு சிஸ்டர் பெட்டிக்குள்ள?” என்று கேட்டேன். கையைச் சூடாக வைத்தால் அங்குள்ள சிரை இரத்தம் கிட்டத்தட்டத் தமனி இரத்தம் போல ஆகிவிடுமாம். தமனியில் ஊசி குத்துவதற்குப் பதில் இந்த ஏற்பாடு. “வேர்க்குதுன்னா சொல்லுங்க சார், கொஞ்சம் குறைக்கிறேன்” என்றார். வேர்த்தது. சொல்லவில்லை. ஆராய்ச்சி கெட்டுவிடுமோ என்று பயம்.

ஒன்பது வருடமாக எனக்குச் சர்க்கரை நோய். அந்த ஒன்பது வருடமும் கணையத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். “கணையம் களைச்சுப்போச்சு” என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம். தவறில்லை, ஆனால் அரைக்கதை. மீதிக் கதை குடலில் இருக்கிறது என்று அந்த இரண்டு நாள் பரிசோதனையில்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் சாப்பிடும் விதமும் மருந்தை எடுத்துக்கொள்ளும் விதமும் மாறின. அதை எழுதத்தான் இது.

பரிசோதனையின் தர்க்கம் எளிமையானது. இரண்டு நாளும் இரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவு. கணையம் சர்க்கரையை மட்டும் பார்த்து இன்சுலின் சுரக்கிறது என்றால், இரண்டு நாளும் இன்சுலினும் ஒரே அளவாகத்தான் இருக்க வேண்டும். நோய் இல்லாதவர்களிடம் அப்படி இருப்பதில்லை. வாய்வழி போன நாளில் இன்சுலின் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாகச் சுரக்கும். சர்க்கரை குடலைத் தொட்டதுமே குடல் கணையத்துக்குத் தகவல் அனுப்புகிறது: வருகிறது, தயாராகு. அந்தத் தகவலைக் கொண்டுபோகும் ஹார்மோன்களுக்கு இன்கிரெட்டின் என்று பெயர். ஆரோக்கியமான உடலில் குளுக்கோஸ் குடித்தபின் சுரக்கும் இன்சுலினில் 50 முதல் 70 சதவீதம் வரை இந்தக் குடல் தகவலால் வருவது.

எனக்கு? சில வாரம் கழித்து ஆராய்ச்சி மருத்துவர் என் இரண்டு நாள் வரைபடங்களையும் காட்டினார். சர்க்கரைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன, செவிலியரின் கைத்திறமை. கீழே இன்சுலின் கோடுகள். அவையும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்றுதான். குடித்த நாளின் கோடு ஒரு நூல் அளவு மேலே இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நோயில்லாத ஒருவரின் படத்தைப் பெயரில்லாமல் வைத்தார். அதில் குடித்த நாளின் கோடு மலை, நரம்பு நாளின் கோடு மேடு.

“உங்க குடல் கூப்பிடுது. கணையத்துக்குத்தான் சரியாக் காது கேக்கலை” என்றார்.

இன்னொரு எண்ணும் மனதில் நின்றது. 75 கிராம் குடித்தபோது ஏறிய அதே சர்க்கரைக் கோட்டை நரம்பு வழியாகக் கொண்டுவர நோயில்லாதவர்களுக்கு அதில் பாதிக்கும் குறைவான குளுக்கோஸே போதுமாம். குடித்த சர்க்கரையைச் சமாளிக்கக் குடல் அவ்வளவு உதவி ஏற்பாடு செய்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. என் உடல் வாய்க்கும் நரம்புக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

இதுபோன்ற ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, பாதியில் விலகவும் உரிமை உண்டு. எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். நான் கிளிமிபிரைடை நிறுத்த வேண்டும், மெட்ஃபார்மினைத் தொடர வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் எது எதுவென்று குழம்பி மறுபடி போன் பண்ணினேன். நிறுத்திய நாட்களில் வீட்டில் சர்க்கரை ஏறும், அதை அளந்து குறித்துவையுங்கள். எத்தனை மில்லி இரத்தம் மொத்தமாக எடுப்பார்கள், மிச்ச இரத்தத்தை என்ன செய்வார்கள், உங்கள் சொந்த முடிவுகளை உங்களுக்குத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்டதால்தான் அந்த வரைபடம் எனக்குக் கிடைத்தது. அப்புறம், வேர்த்தால் சொல்லுங்கள். பெட்டியின் சூட்டைக் குறைத்தால் ஆராய்ச்சி ஒன்றும் கெட்டுவிடாது என்று பின்னால் தெரிந்தது.

அன்று பார்த்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இரத்தம் பிடித்த குழாய்கள். சாதாரண ஆய்வகத்தில் இரத்தம் எடுத்தால் தாங்கியில் வரிசையாக நிற்க வைப்பார்கள். இங்கே ஒரு வகைக் குழாய் மட்டும் பனிக்கட்டியில் புதைந்திருந்தது. அதற்குள் முன்பே ஏதோ மருந்து போட்டிருந்தார்கள். இரத்தம் உள்ளே விழுந்ததும் மறுபடி பனிக்குள், அங்கிருந்து ஓட்டமாக அடுத்த அறைக்கு. “என்ன சிஸ்டர், இவ்வளவு அவசரம்?” என்றால், “இது ரெண்டு நிமிஷத்துல செத்துடும் சார்” என்றார்.

அந்தச் சாகிற பொருளின் பெயர் ஜிஎல்பி-1. குடலின் கடைப்பகுதியில் அதிகமாக இருக்கும் எல்-செல்கள் சுரப்பது. சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள கே-செல்கள் சுரக்கும் இன்னொன்று ஜிஐபி. நாம் பேசிக்கொண்டிருக்கும் இன்கிரெட்டின்கள் இந்த இரண்டும்தான். உடலில் டிபிபி-4 என்றொரு நொதி இருக்கிறது. ஜிஎல்பி-1 வெளியே வந்ததுமே அது தலைப்பக்கத்தைக் கத்தரித்துவிடும். இரண்டு நிமிடத்துக்குள் பாதி காலி. குழாயில் போட்டிருந்த மருந்து அந்த நொதியை முடக்கத்தான். ஒரு குழாய்க்குள் நடக்கும் அந்தச் சண்டைதான் பின்னால் என் மருந்துச் சீட்டிலும் நடந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்தக் கதை எத்தனை பழையது என்று தேடிப் படித்தபோது வியப்பாக இருந்தது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் குடலின் உள்சுவரிலிருந்து, கணையத்தின் செரிமானச் சாற்றைச் சுரக்கவைக்கும் செக்ரெட்டினைக் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905-ல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, ஹார்மோன் என்ற கருத்தே குடலிலிருந்து பிறந்ததுதான். 1906-ல் லிவர்பூலில் மூரும் அவருடைய சகாக்களும் சிறுகுடல் சுவரின் சாற்றைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 15 வருடம் முன்பு! 1921-ல் இன்சுலின் வந்ததும் எல்லோருடைய கண்ணும் கணையத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பெல்ஜியத்தில் லா பார் 1932-ல் இன்கிரெட்டின் என்று பெயர் வைத்தும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரத்தத்தில் இன்சுலினை அளக்க வழி வேண்டுமே. அது யாலோவும் பெர்சனும் 1960-ஐ ஒட்டி உருவாக்கிய கதிரியக்க அளவீட்டு முறையால்தான் முடிந்தது. யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது, பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். அளக்கத் தெரிந்ததும் 1964-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, எனக்குச் செய்த பரிசோதனையின் மூதாதையைச் செய்து பார்த்தன. நரம்பில் ஏற்றுவதைவிடக் குடலில் விட்ட குளுக்கோஸுக்குத்தான் இன்சுலின் அதிகம் சுரந்தது. அறுபது வருடத்துக்குப் பிறகு அதே கேள்வியை என் கையில் கேட்டிருக்கிறார்கள்.

ஜிஐபி முதலில் வந்தது, 1970-களின் தொடக்கத்தில். இரைப்பையை அடக்கும் ஹார்மோன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் அதன் முக்கிய வேலை இன்சுலினைத் தூண்டுவது என்று தெரிந்ததும், ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்து வரும்படி புதுப் பெயர் கண்டுபிடித்தார்கள். ஜிஎல்பி-1 வந்த வழி இன்னும் விசித்திரம். பாஸ்டனில் ஹேபனரின் ஆய்வகம் 1980-களின் தொடக்கத்தில் தூண்டில் மீன் என்கிற கடல் மீனின் மரபணுவில், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த மீனுக்கு இன்சுலின் சுரக்கும் திசு தனி உறுப்பாகவே இருக்கும், வெட்டி எடுக்கச் சுலபம். குளுக்ககான் இருந்த அதே மரபணுவில் அதைப் போலவே இன்னொரு துண்டும் ஒளிந்திருந்தது. அதில் எந்தப் பகுதி உண்மையாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர் ஸ்வெட்லானா மோய்சோவ். 1987-ல் அது இன்சுலினைத் தூண்டுவது நிரூபணமானது. வெகுகாலம் அவருடைய பெயர் ஓரத்திலேயே கிடந்தது. 2024-ல்தான் ஹேபனர், லாட்டே நுட்சென் ஆகியோருடன் அவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

என் வரைபடத்துக்கு நேரடி விடை சொல்வது 1993-ல் ஜெர்மனியில் நௌக் குழு செய்த வேலை. என்னைப் போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஜிஐபியை ஏற்றிப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களைவிட இன்சுலின் மிகவும் குறைவாகவே சுரந்தது. ஜிஎல்பி-1-ஐ இயல்பைவிட அதிக அளவில் ஏற்றினார்கள், இன்சுலின் நன்றாகவே சுரந்தது. கணையத்துக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காது உரக்கச் சொன்னால் கேட்கும். இன்றைய மருந்துகளின் அடிப்படையே அந்த உரக்கச் சொல்வதுதான்.

உரக்கச் சொல்ல இரண்டு வழி. கத்தரிக்கும் நொதியைத் தடுப்பது ஒன்று. 2006-ல் வந்த சிட்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள் அதைத்தான் செய்கின்றன. இரண்டாவது, கத்தரிக்க முடியாத ஜிஎல்பி-1 போன்ற ஒன்றை வெளியிலிருந்து கொடுப்பது. அதற்கு உதவியது ஒரு பல்லி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் 1992-ல் எக்சென்டின்-4-ஐக் கண்டார். ஜிஎல்பி-1 போலவே இருக்கும், ஆனால் நொதி கடிக்கும் இடத்தில் ஓர் அமினோ அமிலம் வேறு. அதனால் கத்தரி உட்காராது. அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு நாளைக்கு இரண்டு ஊசி. பிறகு தினம் ஒன்று போடும் லிராகுளுடைட், 2017-ல் வாரம் ஒன்று போடும் செமாகுளுடைட், 2022-ல் ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டின் கதவையும் தட்டும் டிர்செபடைட்.

எனக்கு முதலில் எழுதியது சிட்டாகிளிப்டின் மாத்திரை. எட்டு மாதம் சாப்பிட்டேன். சாப்பிடுவதே தெரியாது, குமட்டல் இல்லை, எடை மாற்றம் இல்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 8.3-லிருந்து 7.7-க்கு இறங்கி அங்கேயே நின்றது. மாத்திரை செய்வது, நம் குடல் சுரப்பதைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைப்பது. உள்ளதைத்தான் காப்பாற்ற முடியும். ஊசி அப்படியல்ல, இயல்பைவிடப் பல மடங்கு. பசி, இரைப்பை, மூளை எல்லாவற்றையும் தொடுகிறது. இது புரிந்திருந்தால் ஊசிக்கு மாறும்போது நான் செய்த தவறுகளைச் செய்திருக்க மாட்டேன்.

முதல் தவறு தட்டில். செமாகுளுடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரம். அந்த அளவு சர்க்கரைக்கு மருந்தே அல்ல, வயிற்றைப் பழக்கத்தான். நான் அதை ஏதோ மாதிரிப் பொட்டலம் என்று நினைத்து வழக்கம்போல் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம், ஊசி போட்ட மறுநாள், எண்ணெய் மிதக்கும் விருந்துச் சாப்பாடு. ராத்திரி முழுக்க வாந்தி. இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பது இந்த மருந்தின் வேலைகளில் ஒன்று; கொழுப்பு அதை இன்னும் மெதுவாக்கும். இரண்டும் சேர்ந்தால் உள்ளே போனது நகராது. மறுநாள் என் மனைவி தட்டை மாற்றிச் சின்னத் தட்டு வைத்தாள். எல்லா அறிவுரையையும்விட அது உதவியது. மெதுவாகச் சாப்பிடுவது, முக்கால் வயிற்றில் எழுவது, சாப்பிட்டதும் படுக்காமல் இருப்பது, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பது. குமட்டல் வந்த நாட்களில் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். வாந்தியோடு நீரிழப்பும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்கு. மலச்சிக்கலைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதற்கும் நார்ச்சத்தும் தண்ணீரும் நடையும்தான்.

இரண்டாம் தவறு என்னுடையது மட்டுமல்ல. எனக்கு ஊசி எழுதிய இடத்தில் பழைய மாத்திரைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிட்டாகிளிப்டினும் ஓடிக்கொண்டிருந்தது, கிளிமிபிரைடும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாவது வீண்; ஊசி வந்தபின் அந்த மாத்திரைக்கு வேலை இல்லை, வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது ஆபத்து. குடல் ஹார்மோன்களின் அழகே, சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டுவதுதான். சர்க்கரை இறங்கியதும் அவையும் அடங்கிவிடும். அதனால் அவை தனியாக இருக்கும்போது சர்க்கரை அபாயமாகத் தாழ்வது அரிது. கணையத்தை நேராகத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடுக்கு அந்த விவேகம் கிடையாது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்காது.

ஐந்தாம் வாரம், அளவை 0.5-க்கு ஏற்றியிருந்தேன். மதியம் பசியே இல்லை, சாப்பிடவில்லை. நான்கு மணிக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது, எதிரில் இருந்தவர் பேசுவது தூரத்தில் கேட்டது. அளந்தால் 54. பையில் சாக்லேட் இருந்தது. அதைத் தின்றேன், அது மூன்றாம் தவறு. கொழுப்புள்ள இனிப்பு மெதுவாகத்தான் செரிக்கும், என் இரைப்பையோ ஏற்கனவே மெதுவாகிப் போயிருந்தது. கால் மணி கழித்து 57. அப்புறம் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துத்தான் எழுந்தேன். இப்போது குளுக்கோஸ் மாத்திரை சட்டைப்பையில். 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு, ஏறவில்லை என்றால் இன்னொரு 15. ஊசி தொடங்கும் நாளில், “என் பழைய மாத்திரைகளில் எதைக் குறைக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும்?” என்று நீங்களே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் வரும்வரை மருத்துவரின் அறையைவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

கண்ணைப் பற்றியும். 2016-ல் வெளிவந்த செமாகுளுடைட் ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்தவர்களிடம் விழித்திரைச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது: 3 சதவீதம், மற்றவர்களிடம் 1.8. சர்க்கரை வேகமாக இறங்கியதும், முன்பே விழித்திரை பாதிப்பு இருந்ததும்தான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். ஊசிக்கு முன் விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது. நான் தாமதமாகச் செய்தேன், நல்லவேளை ஒன்றும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போவதாக இருந்தால், இந்த ஊசி போடுவதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் இருக்கலாம். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று உள்ளவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் ஆரம்பத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி மருந்தில்லாத பக்கம். அந்த வரைபடம் கையில் வந்தபின் நானே வீட்டில் ஒரு பரிசோதனை செய்தேன். ஒரே தட்டு, ஒரே உணவு, ஒரே அளவு. ஒரு நாள் மாவுச்சத்தை முதலில் சாப்பிட்டேன், காய்கறியும் புரதமும் கடைசியில். இன்னொரு நாள் தலைகீழ்: காய்கறி, புரதம், பத்து நிமிடம் கழித்து மாவுச்சத்து. ஒரு மணி நேரத்தில் அளந்தேன். முதல் வரிசையில் 214, இரண்டாவதில் 168. விரல்நுனிக் கருவி பத்து, பதினைந்து சதவீதம் முன்பின் காட்டும் என்பதால் மூன்று முறை திரும்பச் செய்தேன். எண்கள் மாறின, வித்தியாசம் மாறவில்லை. ஒரு கிராம்கூடக் குறைக்காமல் வரிசையை மாற்றியதற்கு இது பெரிய கூலி.

காரணம் குடல்தான். புரதமும் கொழுப்பும் முதலில் போய்ச் சேர்ந்தால் ஜிஎல்பி-1 முன்கூட்டியே சுரக்கிறது, இரைப்பையின் வாசல் நிதானமாகிறது, பின்னால் வரும் மாவுச்சத்து மெல்ல மெல்ல இறங்குகிறது. நார்ச்சத்தும் அதையே செய்கிறது. சர்க்கரை பானம் இதற்கு நேர் எதிர். ஒரே மடக்கில் இறங்கி, இரைப்பையில் அதிகம் தங்காமல் வேகமாக இரத்தத்துக்குப் போய்விடும். பரிசோதனையின் முதல் நாள் எனக்குக் கொடுத்ததே அதுதானே.

ஆனால் இதைச் சொன்னதும், “அப்போ இயற்கையாவே ஜிஎல்பி-1-ஐக் கூட்டிக்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பெயர் போட்டுப் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். உணவால் ஜிஎல்பி-1 கூடும், உண்மை. கூடியது இரண்டு நிமிடத்தில் பாதியாகவும் செய்யும். ஊசியில் வருவது ஒரு வாரம் கழித்தும் பாதி மிச்சம் இருக்கும் மருந்து. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது வியாபாரத்துக்கு வசதி, அவ்வளவுதான். வரிசை மாற்றிச் சாப்பிடுவது நல்ல பழக்கம்; மருந்தை நிறுத்துவதற்கான காரணம் அல்ல.

குடலின் வேலையை மிகக் கறாராகக் காட்டியது அறுவைச் சிகிச்சைதான். உடல் எடைக்காக இரைப்பை மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்ட என் நண்பர் ஒருவர், வீடு திரும்பும்போதே இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். எடை இன்னும் இறங்கவே ஆரம்பிக்கவில்லை. அவர் சாப்பாடு மிகவும் குறைந்தது ஒரு காரணம். உணவு நேராகக் குடலின் கீழ்ப்பகுதிக்குப் போய் எல்-செல்களை அடிப்பதால் உணவுக்குப் பின் ஜிஎல்பி-1 பல மடங்கு எகிறுவது இன்னொரு காரணம். 1990-களிலேயே அறுவை மருத்துவர்கள் இதைக் கவனித்து வியந்திருக்கிறார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜிஐபி கதவைத் தட்டும் மருந்து எடையையும் சர்க்கரையையும் குறைக்கிறது. ஜிஎல்பி-1 கதவைத் தட்டிக்கொண்டே ஜிஐபி கதவைச் சாத்தும் மருந்தையும் சோதித்தார்கள். அதுவும் எடையைக் குறைக்கிறது! திறந்தாலும் நல்லது, பூட்டினாலும் நல்லது என்றால் அது என்ன கதவு? ஆராய்ச்சி மருத்துவரிடம் கேட்டேன். சிரித்தார். “அதுக்குத்தான் உங்களை மாதிரி ஆளுங்க வேணும்.”

ஊசி தொடங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது. எச்பிஏ1சி 6.8, எடை பதினொரு கிலோ குறைவு. குறைந்தது முழுக்கக் கொழுப்பல்ல, ஒரு பங்கு தசை. மாடிப்படியில் அது தெரிந்தது. பசி இல்லாத நாளிலும் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிடுகிறேன், வாரத்தில் மூன்று நாள் எடை தூக்குகிறேன். நடுவில் ஊசி கிடைக்காமல் ஆறு வாரம் நிறுத்த வேண்டி வந்தது. மூன்றாம் வாரமே பசி பழைய குரலில் பேச ஆரம்பித்தது, நான்கு கிலோ திரும்பியது. சர்க்கரை நோய் இல்லாத பருமனானவர்களிடம் செய்த பெரிய ஆய்வொன்றில், மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. என் மனவுறுதிக் குறைவு என்று அந்த ஆறு வாரமும் என்னையே நொந்துகொண்டது வீண்வேலை. விட்டுத் தொடங்கும்போது பழைய அளவிலேயே நேரே தொடங்கக் கூடாது என்பதையும் அப்போது கற்றேன். மருத்துவரைக் கேட்டு மறுபடி கீழ் அளவிலிருந்து ஏறினேன்.

போன மாதம் ஆராய்ச்சி மையத்திலிருந்து அந்தச் செவிலியரே போன் பண்ணினார். உறைய வைத்திருக்கும் என் இரத்தத்தில் குளுக்ககானையும் அளந்து பார்க்க அனுமதி வேண்டும், அதோடு புதிய ஆய்வுக்கும் வர முடியுமா என்று. இம்முறை இரண்டு நாள் அல்ல, நான்கு நாள். அனுமதி கொடுத்தேன், வருகிறேன் என்றும் சொன்னேன்.

“கையைப் பெட்டிக்குள்ள வைப்பீங்களா சிஸ்டர்?”

“வைப்போம் சார். இந்த தடவை வேர்த்தா சொல்லிடுங்க.”